இருபதாம் தேதி கேங்

ஃபைனல் இயர் முடிஞ்சதும் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்போம். முதல் மாசம் மெசேஜ் கொட்டும். ஆறு மாசத்துல பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும். அப்புறம் அதுவும் இருக்காது. ஆனா ஒருத்தர் சேர்த்த கேங், அவர் செத்து 300 வருஷத்துக்கு மேலயும் மாசாமாசம் 20ஆம் தேதி கூடிச்சுன்னா நம்புவீங்களா? அவர் பெயர் எபிகூரஸ்.

கி.மு. 341-ல் பிறந்தவர். வளர்ந்தது சாமோஸ் தீவில். அப்பா ஏதென்ஸ் குடிமகன், பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவோடு வீடு வீடாகப் போய் தோஷம் கழிக்கும் மந்திரம் வாசித்த பையன்தானே என்று பிற்காலத்தில் எதிரிகள் இவரைக் கிண்டலடித்தார்கள். 18 வயதில் ராணுவப் பயிற்சிக்காக ஏதென்ஸ் போனார். அந்த நேரம் பார்த்து, சாமோஸில் குடியேறியிருந்த ஏதென்ஸ்காரர்கள் எல்லோரையும் துரத்திவிட்டார்கள். திரும்பிப் போக வீடே இல்லை. குடும்பம் கடல் தாண்டி கொலோஃபோனில் ஒதுங்கியது.

32 வயதில் பாடம் சொல்ல ஆரம்பித்தார். மிட்டிலீனியில் ஹெர்மார்க்கஸ் கிடைத்தார், லாம்ப்சாக்கஸில் மெட்ரோடோரஸ். கடைசிவரை கூடவே இருந்த நண்பர்கள். கி.மு. 306 வாக்கில் எல்லோருமாக ஏதென்ஸ் வந்தார்கள். 80 மினா, அதாவது 8,000 திராக்மா கொடுத்து ஒரு தோட்டம் வாங்கினார். அப்போ ஒரு தொழிலாளியின் நாள் கூலியே ஒண்ணு ரெண்டு திராக்மாதான்.

இங்கே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அன்றைய கிரேக்க நகரங்களில் ஊர்க் கோயில், ஊர்த் திருவிழா தவிர தனியார் வழிபாட்டுச் சங்கங்களும் ஏராளம். சந்தா கட்டுவார்கள், குறித்த நாளில் தெய்வத்துக்குப் பலி கொடுப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். உறுப்பினர் இறந்தால் அடக்கத்துக்குக் கைகொடுத்த சங்கங்களும் உண்டு. ஆனா குடிமகன் அல்லாதவர் நிலம் வாங்க முடியாது. கி.மு. 333-ல் சைப்ரஸ் வியாபாரிகள் அஃப்ரோடைட்டிக்குக் கோயில் கட்டணும்னா, இடம் வாங்கவே ஏதென்ஸ் மக்கள் சபையின் அனுமதி தேவைப்பட்டது.

எபிகூரஸின் தோட்டமும் கிட்டத்தட்ட அப்படி ஒரு சங்கம்தான். தெய்வங்கள் உண்டு, ஆனால் நம்மைத் தண்டிக்கவோ காப்பாற்றவோ வருவதில்லை என்பது அவர் கட்சி. அப்படிச் சொன்னவரே ஊர்த் திருவிழாக்களில் தவறாமல் கலந்துகொண்டார். தோட்டத்துக்குள் பெண்களும் அடிமைகளும் சமமாக உட்கார்ந்து விவாதித்தார்கள். நண்பர்கள் சொத்தையெல்லாம் பொதுவில் போடணும்னு அவர் கேட்கவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள், நம்பிக்கை இல்லாதவன் நண்பனே இல்லை என்பது அவர் கணக்கு. சாப்பாடு ரொட்டியும் தண்ணியும். ஒருமுறை விருந்து சாப்பிடணும் போல இருந்தபோது நண்பரிடம் கேட்டு வாங்கியது ஒரு பானை பாலாடைக்கட்டி. இந்த மனுஷனைத்தான் ஊர் சுகபோகின்னு சொல்லிச்சு.

இப்போ சிக்கலுக்கு வருவோம். மெட்ரோடோரஸ் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்துத் தோட்டத்தை நடத்தவேண்டிய ஹெர்மார்க்கஸ் மிட்டிலீனிக்காரர், ஏதென்ஸ் குடிமகன் இல்லை. எபிகூரஸ் கண்ணை மூடினால் தோட்டம் அவர் பேருக்குப் போகவே முடியாது. கேங் நடுத்தெருவுக்கு வந்துடும்.

எபிகூரஸ் உயில் எழுதினார். தோட்டம் ஏதென்ஸ் குடிமக்களான இரண்டு பேருக்கு. ஆனால் ஹெர்மார்க்கஸும் அவருக்குப் பின் வருபவர்களும் அங்கேயே வாழ்ந்து படிக்க அவர்கள் விடவேண்டும் என்பது நிபந்தனை. சொத்து வருமானத்தில் தன் பெற்றோருக்கும் சகோதரர்களுக்கும் படையல், தன் பிறந்தநாள் விழா, மாதம் 20ஆம் நாள் தன்னையும் மெட்ரோடோரஸையும் நினைத்து ஒரு கூடல். மெட்ரோடோரஸ் மகளுக்குக் கல்யாணம், சீர். நான்கு அடிமைகளுக்கு விடுதலை.

கி.மு. 270. சிறுநீர்க் கல் அடைத்து 14 நாள் துடித்தார். கடைசி நாளிலும் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். வலி உச்சத்தில் இருந்தும், நாம் பேசிய பழைய பேச்சுகளை நினைத்தால் மனம் நிறைகிறது என்ற பொருளில். அதிலும் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்கி, கொஞ்சம் திராட்சை ரசம் வாங்கிக் குடித்து, போய்விட்டார்.

கூட்டம் கலையவில்லை. இருபதாம் தேதிக்காரர்கள் என்று ஊர் கேலி செய்தது, அவர்கள் பாட்டுக்குக் கூடினார்கள். கி.பி. 121-ல் அதே பழைய குடியுரிமைச் சிக்கல் திரும்ப வந்தது. தலைவராக ரோமக் குடிமகன்தான் வரலாம் என்று விதி. பேரரசர் டிராஜனின் மனைவி புளோட்டினா, அடுத்த பேரரசர் ஹாட்ரியனிடம் பேசி அந்த விதியைத் தளர்த்த வைத்தார்.

எபிகூரஸ் எழுதிய சுமார் 300 சுருள்களில் முழுசாக மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஒரு நூலகத்தில் அவர் வழிவந்தவர்களின் சுருள்கள் கரிக்கட்டையாகக் கிடைத்தன. 2023-ல் அதில் பிரிக்கவே முடியாத ஒரு சுருளிலிருந்து மெஷின் லேர்னிங் மூலம் முதல் வார்த்தையை வாசித்தது யார் தெரியுமா? நம்மை மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்.

அடுத்த 20ஆம் தேதி உங்க குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க. யாராச்சும் வருவாங்க.