கொச்சித் துறைமுகம் தந்த ராபர்ட் பிரிஸ்டோ

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு வாசனையோடு நடந்து படகுத்துறைக்கு வந்தால் எதிரே வில்லிங்டன் தீவு தெரியும். அதன் பெரும்பகுதி நூறு வருஷங்களுக்கு முன் தண்ணீருக்கு அடியில் கிடந்த மண் என்றால் புதிதாக வரும் அன்பர்கள் நம்புவதில்லை. அந்த மண்ணை மேலே கொண்டுவந்தவர் ஸர் ராபர்ட் பிரிஸ்டோ.

1880-ல் லண்டனில் பிறந்தவர். 1903-ல் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். சென்னை கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் ஏற்பாட்டில் 1920 ஏப்ரல் 13 அன்று கொச்சியில் வந்து இறங்கினார்.

அப்போது கொச்சியின் நிலைமை விசித்திரமானது. உள்ளே ஆழமான அமைதியான காயல். ஆனால் முகத்துவாரத்துக்கு வெளியே கெட்டியான மணல்திட்டு. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் சரக்கு வள்ளங்களில் போய்ச் சேரவேண்டும். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் அதுவும் நின்றுபோகும்.

திட்டை வெட்டிவிட்டால் போயிற்று என்று பேசுவது எளிது. வெட்டினால் கடல் உட்புகுந்து வைப்பீன் கரையை அரித்துவிடும் என்ற பயம் வெகுநாளாக இருந்தது; அது நியாயமான பயமும்கூட. கரையோரக் குடும்பங்களின் வீடு வாசல் அல்லவா! பிரிஸ்டோ அவசரப்படவில்லை. முதலில் அலையையும் மணலின் போக்கையும் கவனித்தார். கரைக்கு ஏறக்குறைய இணையாக, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி நிற்கும்படி கருங்கல் தடுப்புகள் போடச் செய்தார். கடல் கொண்டுபோன மண்ணைக் கடலே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. இவ்வளவுக்கும் பிறகுதான் பெரிய அளவில் தூர்வாரும் வேலை. என் அபிப்பிராயத்தில் அவருடைய உண்மையான பெருமை இந்தப் பொறுமைதான்.

கடலைவிடக் கஷ்டம் கொடுத்தது மனுஷ்யர்களின் கணக்கு. கோட்டைக்கொச்சி ஆங்கிலேயர் வசம், மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி மகாராஜாவின் ராஜ்யம், தெற்கே திருவிதாங்கூர். செலவில் யாருக்கு எவ்வளவு, சுங்க வரும்படியில் யாருக்கு எவ்வளவு என்று வருஷக்கணக்கில் பேச்சு நடந்தது. இஞ்சினீயராக வந்தவர் இவர்கள் எல்லோரையும் அனுசரித்துப் போகும் நிர்வாகியாகவும் ஆகவேண்டியதாயிற்று.

1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் புதிய கால்வாய் வழியே உள்ளே வந்தது. தூர்வாரிய மண்ணைக் கொட்டிச் சுமார் 780 ஏக்கர் நிலம் எழுந்தது. அதற்கு வில்லிங்டன் பெயர் வைத்தார்கள். 1936-ல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அச்சமயம் கொச்சி திவான் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். வெள்ளைக்காரர் கிளப்புகளில் இந்தியருக்கு இடமில்லாத அக்காலத்தில், பிரிஸ்டோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1931-ல் எர்ணாகுளத்தில் இரு தரப்பாரும் சேர்ந்து பழக லோட்டஸ் கிளப்பைத் தொடங்கினார்கள்.

1941-ல் பிரிஸ்டோ ஊர் திரும்பினார். யுத்த காலத்தில் அவர் எழுப்பிய தீவு கடற்படைக்குப் பெரிதும் பயன்பட்டது. தம் கொச்சி அனுபவங்களை 1959-ல் புத்தகமாக வெளியிட்டார்; 1966-ல் காலமானார்.

கப்பல்கள் தீவின் துறைகளில் நேராக வந்து அணைந்ததும், மட்டாஞ்சேரிப் படகுத்துறைகளின் பழைய பரபரப்பு மெல்லக் குறைந்தது. 2011-ல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தபின் தீவின் வேலையிலும் ஒரு பங்கு அங்கே போயிற்று. அங்கு போகும் கப்பல்களும் பிரிஸ்டோ வெட்டிய முகத்துவாரம் வழியாகத்தான் நுழைகின்றன.