தம் மருந்தைத் தாமே குத்திக் கொண்டவர்!

1897ஆம் வருடம், ஜனவரி 10ஆம் தேதி. பம்பாய் நகரமே நடுங்கிக் கொண்டிருந்தது. பிளேக் நோய்! காலையில் நன்றாக இருந்தவர் மறுநாள் இல்லை. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்து ஓடினார்கள்.

அன்று, ஒரு வெள்ளைக்காரர் தாம் தயாரித்த புது மருந்தைத் தம் உடம்பிலேயே குத்தச் செய்தார். பிறருக்குப் போட நினைத்ததை விட அதிக அளவு! கடும் காய்ச்சல் வந்தது, வலி வாட்டியது. ஆனால் பிழைத்துக் கொண்டார்.

அவர்தாம் வால்டெமார் ஹாப்கின்.

ரஷ்யாவின் ஆட்சியில் இருந்த ஒடெசா நகரில் 1860ஆம் வருடம் பிறந்தவர். யூதர். மதம் மாறினால்தான் வேலை என்றார்கள், மறுத்துவிட்டார். பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சிசாலையில் முதலில் கிடைத்தது, புத்தகசாலையில் உதவியாளர் வேலைதான்! அங்கேதான் காலராவுக்கு ஊசி மருந்து கண்டார். 1892இல் அதையும் முதலில் தாமே போட்டுக் கொண்டார். மறு வருடம் இந்தியாவுக்கு வந்தார்.

இவர் வைத்தியப் படிப்புப் படித்தவர் அல்ல, விலங்கியல் படித்தவர். அதனால் ஆங்கில டாக்டர்கள் சிலருக்கு இவர் மேல் இளக்காரம்.

பிளேக் மருந்தை அவர் செய்த விதம் வேடிக்கையானது. இறைச்சிச் சாற்றில் நெய்த் துளிகளை மிதக்க விட்டார். அவற்றின் அடியில் கிருமிகள் விழுதுவிட்டு வளர்ந்தன. பிறகு சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றார். முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். அப்புறந்தான் தமக்கு!

கைதிகள் முன்வந்தார்கள்

ஒருவர் பிழைத்தால் போதுமா? நோயைத் தடுக்கிறதா என்று தெரிய வேண்டாமா? அந்த ஜனவரியில் பைகுல்லா சிறைக்குள்ளும் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஊசிக்குச் சம்மதித்தார்கள். (சிறையில் இருப்பவன் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்பது வேறு கேள்வி.) இரு சாராருக்கும் ஒரே கூரை, ஒரே சாப்பாடு. ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டது. 6 பேர் மாண்டார்கள். போட்டவர்களிடம் நோயும் சாவும் மிகக் குறைவு. பிறகு லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக் கொண்டார்கள்.

ஒரே ஒரு புட்டி

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் கிராமம். ஐந்து புட்டிகளிலிருந்து 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு புட்டி மருந்து பெற்ற 19 பேரும் ரண ஜன்னி கண்டு இறந்தார்கள். மற்ற நான்கு புட்டிகளால் யாருக்கும் தீங்கு இல்லை.

பழி ஹாப்கின் தலையில் விழுந்தது. முன்பு மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அதை அவர் நிறுத்தியிருந்தார். ஆகவே ஆராய்ச்சிசாலையிலேயே புட்டி கெட்டுவிட்டது என்றார்கள். சர்க்கார் அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது.

உண்மை என்ன? கிராமத்தில் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அப்படியே உபயோகித்துவிட்டார்! முன்பே கெட்டிருந்தால் மருந்து நாறியிருக்கும். திறந்தபோது நாற்றம் இல்லை. இவ்வளவு தெளிவான விஷயம் எடுபட ஐந்து வருடங்கள் ஆயின. மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்ட ரொனால்டு ராஸ் போன்றவர்கள் பத்திரிகையில் வாதாடினார்கள். 1907இல் ஹாப்கின் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டது.

மீண்டும் கல்கத்தாவில் வேலை கிடைத்தது. ஆனால் புது மருந்தை மக்களுக்குப் போட்டுச் சோதிக்கும் அதிகாரம் தரவில்லை. கல்யாணமே செய்து கொள்ளாத அவர், ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

பம்பாய் பரேலில் அவர் நிறுவிய ஆராய்ச்சிசாலைக்கு 1925இல் ஹாப்கின் பெயரைச் சூட்டினார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1930 அக்டோபர் 26ஆம் தேதி, ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில், 70ஆம் வயதில் காலமானார்.