சுழலி கண்ட சாள்ஸ் பார்சன்ஸ்

நீராவி இயந்திரம் என்ற மாத்திரத்தே ஜேம்ஸ் வாட் என்பாரின் பெயரும், அவர் இளம்பிராயத்தில் உற்றுநோக்கினார் எனப்படும் கொதிகேத்தலும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நாம் அக்கதையைக் கீழ்வகுப்பு வாசினைப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். வாட் பெரியவரே, அதில் ஐயமில்லை. எனினும், நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலே நிலக்கரியின் வெப்பம் மின்சாரமாக மாறுமிடத்தில் முன்னும் பின்னும் ஓடும் முசலம் எதுவும் இல்லை. அங்கே சுழல்வது வேறோர் இனத்து இயந்திரம். டர்பைன் என்றும் நீராவிச் சுழலி என்றும் வழங்கும் அவ்வியந்திரத்தை மின்னாக்கத்துக்கும் கப்பலோட்டத்துக்கும் உரியதாக்கித் தந்தவர் சேர் சாள்ஸ் அல்ஜேணன் பார்சன்ஸ். அன்னாரின் சரிதத்தை நம் சங்கத்து இளைஞரும் மூத்தோரும் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

பார்சன்ஸ் 1854 ஆம் ஆண்டு யூன் மாதம் 13 ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் அயர்லாந்து தேசத்து மூன்றாம் றோஸ் பிரபு. அப்பிரபு தம் செல்வத்தை வேட்டையிலும் விருந்திலும் கரைத்தவர் அல்லர். பர் என்னும் ஊரிலிருந்த தமது கோட்டையிலேயே உலை அமைத்து, ஊராரையே வேலைக்குப் பழக்கி, 6 அடி விட்டமுள்ள உலோக ஆடியை வார்த்தெடுத்து, 1845 இல் ஒரு மாபெருந் தொலைகாட்டியை நிறுவினார். அதனிற் பெரியதொன்று 1917 வரை உலகில் எழவில்லை. தாயார் மேரி அம்மையாரோ புகைப்படக் கலையின் தொடக்க காலத்திலேயே அதிற் கைதேர்ந்தவர். இத்தகைய இல்லத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. பிற்காலத்தில் வானநூற் புலவராகப் புகழெய்திய றொபேட் போல் போன்றோர் வீட்டுக்கே வந்து கற்பித்தனர். மற்றைய நேரமெல்லாம் தந்தையாரின் வேலைத்தலமே பிள்ளைகளுக்குப் பாடசாலையாயிற்று.

அவ்வேலைத்தலத்தின் மகிழ்ச்சிக்கு ஒரு துயரமும் உண்டு. குடும்பத்தார் தெருவில் ஓடத்தக்க நீராவி வண்டியொன்றைச் செய்திருந்தனர். 1869 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆந் திகதி, பார்சன்ஸ் 15 வயதுச் சிறுவராய் அவ்வண்டியிற் சென்றபோது, உடன் வந்த உறவினரான மேரி வார்ட் அம்மையார் தவறி விழுந்து சில்லின்கீழ் அகப்பட்டு மாண்டார். நுணுக்குக்காட்டி பற்றி நூல் எழுதிய அறிஞர் அவ்வம்மையார். இயந்திர வண்டியால் நேர்ந்த முதன் மரணங்களுள் ஒன்றாக அதனைக் கணிப்பர். கொதிநீராவியின் வலிமை எத்தகையது என்பதை அச்சிறுவர் புத்தகத்திலிருந்து மட்டும் அறியவில்லை.

டப்ளின் றினிற்றிக் கல்லூரியிலும், பின்னர் கேம்பிறிஜ் சர்வகலாசாலையின் சென் ஜோன்ஸ் கல்லூரியிலும் கணிதம் பயின்று, 1877 இல் கணிதச் சிறப்புப் பரீட்சையிலே முதல் வகுப்பினருட் பதினொன்றாம் இடம் பெற்றார். பிரபு குலம், கேம்பிறிஜ் பட்டம், கணிதத்திற் சிறப்பு. இவை மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் எங்குதான் போயிருக்கக் கூடாது? அவர் போனது நியூகாசில் நகரத்து ஆம்ஸ்ட்றோங் தொழிற்சாலைக்கு, அதுவும் தொழில் பழகுநராக. பட்டம் பெற்றதும் அரசாங்கக் கந்தோரின் நாற்காலியைத் தேடும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. அவ்வழக்கமுடைய நாம் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம்.

1881 தொடக்கம் லீட்ஸ் நகரில் கிற்சன் கம்பனியாரிடம் இருந்தபோது, தாம் முன்னரே எண்ணியிருந்த சுழல் இயந்திரமொன்றைப் பார்சன்ஸ் உருவாக்கினார். வழக்கமான நீராவி இயந்திரத்தில் முசலம் உருளைக்குள் முன்னும் பின்னுமாக ஓடும். நமது தோட்டக் கிணற்றிலே துலா மிதிப்பவன் அந்தம் வரை நடந்து, நின்று, திரும்பி நடப்பது போன்றது அது. ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் பாரமான இரும்பு முழுவதும் நின்று திரும்பவேண்டும். ஆகவே வேகம் மிகமிக அதிர்வு மிகும். பார்சன்ஸின் இயந்திரத்திலோ நான்கு உருளைகளும் தாமே வட்டமாகச் சுழன்றன. உருளைத் தொகுதி ஒருமுறை சுற்றுவதற்குள் அச்சு இருமுறை சுற்றும். அதிர்வு பெரிதுந் தணிந்தது. கிற்சன் கம்பனியார் அதனைச் செய்து விற்றனர். தைனமோக்களை இடையில் வார்ப்பட்டியின்றி நேரே ஓட்டவும் அது பயன்பட்டது.

இன்னொருவராயின் அவ்வெற்றியைச் சீர்ப்படுத்துவதிலேயே ஆயுளைக் கழித்திருப்பார். பார்சன்ஸ் அதன் எல்லையைக் கண்டுகொண்டார். எத்துணை திறமையாகச் சுழற்றினாலும் முசலம் முசலமே. அதனைச் சுழற்சியோடு சேர்த்துக் கட்டியதேயன்றி நீக்கியதாகாது. 1884 இல் கேற்ஸ்ஹெட்டிலுள்ள கிளார்க் சப்மன் கம்பனியிற் பங்காளியாகச் சேர்ந்து மின்பகுதியின் தலைமையை ஏற்றபோது, முசலத்தை அறவே கைவிட்டார்.

காற்றாடியைப் போல நீராவியைத் தகட்டில் மோதவிட்டுச் சில்லைச் சுழற்றலாம் என்பது பழைய எண்ணமே. இடர் எங்கேயென்றால், உயர் அமுக்கத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக வெளியேறும் நீராவி செக்கனுக்கு அரை மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். அவ்வேகத்தின் பயனை முழுதும் பெறவேண்டின் தகடுகளும் அதிற் பாதி வேகமளவில் ஓடவேண்டும். அன்றைய உருக்கு அதனைத் தாங்காது சிதறும். சுவீடன் தேசத்து டி லாவல் என்பார் ஒரே பாய்ச்சலையே கைக்கொண்டு, சிறு சில்லுகளை மிகக் கடுவேகத்திற் சுழற்றினார். பார்சன்ஸ் வேறு வழி சென்றார். ஆழமான கேணிக்குள் மேற்படியிலிருந்து ஒருவன் குதித்தால் காலை முறித்துக்கொள்வான். படிப்படியாக இறங்கினால் அதே ஆழத்தை நோவின்றி அடைவான். நீராவியின் அமுக்கத்தையும் அவ்வாறே படிப்படியாக இறக்கினார். அசையாத் தகட்டு வரிசை ஒன்று, சுழலும் வரிசை ஒன்று, மீண்டும் அசையா வரிசை என ஒரே அச்சின் நெடுகப் பல வரிசைகள். ஒவ்வொன்றிலும் சிறிதளவு அமுக்கமே குறையும். வேகமும் அடக்கத்துக்குள் நிற்கும்.

அடக்கம் என்றோமேயன்றி, அம்முதற் சுழலி நிமிடத்துக்கு 18,000 முறை சுற்றியது. அக்காலத் தைனமோக்கள் ஆயிரத்துச் சொச்சம் முறை சுற்றுவனவே. ஆகவே அதற்கேற்ற தைனமோவையும் அவரே புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. அச்சைத் தாங்கும் இடத்தில் வளையங்களை அடுக்கி, அச்சு தன் சமநிலை மையத்தைத் தானே தேடிக்கொள்ளுமாறு சிறிது நெகிழ்ச்சி கொடுத்தார். நீராவியை நடுவிலே புகவிட்டு இருபுறமும் ஓடச் செய்தமையால், அச்சினை ஒருபக்கமாகத் தள்ளும் விசையும் ஒழிந்தது. இத்தனைக்கும் அதன் ஆற்றல் 7.5 கிலோவாற்று மாத்திரமே. இன்று இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் அது இருக்கின்றது. நுரைச்சோலையின் ஒவ்வொரு தொகுதியும் 300 மெகாவாற்று என்பதால், அதுபோன்ற 40,000 பொறிகளுக்கு ஒன்று ஈடாகும்.

பார்சன்ஸின் வாழ்வில் நாம் மிகவும் மதிப்பது இந்தக் கண்டுபிடிப்பைக் கூட அன்று. அதன் பின் வந்த ஐந்து ஆண்டுகளையே. பங்காளிகளோடு மனவேறுபாடு உண்டாயிற்று. சுழலியை இன்னும் பெரிதாக வளர்க்க அவர் விரும்பினார். பணம் போட்ட பங்காளிகளுக்கு அத்துணை விருப்பமில்லை. 1889 இல் அவர் விலகினார். ஆனால் சுழலியின் ஆக்கவுரிமைப் பத்திரங்கள் கம்பனியிடமே நின்றுவிட்டன. தாம் பெற்ற பிள்ளையைத் தாம் தொடவொண்ணாத நிலை! பங்காளிகளைப் பழிப்பதற்கும் நாம் துணியோம். கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவருக்கு அவர் கவலை. பார்சன்ஸ் நியூகாசிலின் ஹீற்றன் பகுதியில் ஏறக்குறைய 12 பேருடன் தமது தொழிற்சாலையைத் தொடங்கினார். அச்சின் நெடுக நீராவி ஓடும் வழி தடைப்பட்டமையால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரை வழியே நீராவி ஓடும் புதியதொரு சுழலியை வகுத்தார். அது முன்னையதைப் போல் இலகுவானதன்று. எனினும் 1892 இல் கேம்பிறிஜ் நகருக்கு ஒளி கொடுத்தது அவ்வகையே. நீராவியை ஒடுக்கியிற் குளிர்வித்து நீராக்கியபோது சுழலி நல்ல முசல இயந்திரத்துக்குச் சிக்கனத்திலும் இளைக்காதென்பது அப்போதுதான் வெளிப்பட்டது. 1894 இல் 1,500 பவுண் கொடுத்துத் தம் பழைய உரிமைகளைத் தாமே மீட்டுக்கொண்டார்.

அதே ஆண்டில் கடலை நோக்கினார். 100 அடி நீளமும் 9 அடி அகலமுமான டேர்பினியா என்னும் சிறு கப்பல் எழுந்தது. முதலோட்டங்கள் ஏமாற்றமளித்தன, மணிக்கு 20 கடல்மைலைக் கூட அது எட்டவில்லை. சுழலியிற் குறையில்லை, அதிவேகமாகச் சுற்றும் விசிறி நீரைக் கிழித்து, நீராவிக் குமிழிகளால் நிறைந்த வெற்றிடங்களுக்குள் வீணே சுழன்றது. பார்சன்ஸ் சிறு தொட்டியொன்றிற் கொதிநிலைக்கு அண்மித்த நீரை நிரப்பி, சிறு விசிறியை அதனுட் சுழற்றி, விட்டுவிட்டு ஒளிபாய்ச்சி அக்குமிழிகளைக் கண்ணாற் கண்டார். பின்னர் ஒரு சுழலியை மூன்றாக்கினார். உயரமுக்கச் சுழலியிலிருந்து இடையமுக்கத்துக்கும் அதிலிருந்து தாழமுக்கத்துக்கும் நீராவி சென்றது. மூன்று அச்சுக்களில் ஒன்பது விசிறிகள் சுழன்றன. வேகம் 34 கடல்மைல் ஆயிற்று. 1897 யூன் 26 இல், விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவுக்காகக் கடற்படை ஸ்பிற்ஹெட்டில் அணிவகுத்து நின்றபோது, இச்சிறு கப்பல் போர்க்கப்பல் வரிசைகளின் ஊடாகப் பறந்ததும், துரத்தப் போன காவற்படகுகள் பின்தங்கியதும் பலரும் அறிந்த கதை.

பலரும் அறியாதது அடுத்த கதை. சுழலி பூட்டிய வைப்பர், கோப்ரா என்னும் இரு போர்க்கப்பல்கள் 1901 இல் அடுத்தடுத்து அழிந்தன. வைப்பர் மூடுபனியிற் பாறைமேல் ஏறியது. கோப்ரா செத்தெம்பர் 18 இல் வடகடலில் இரண்டாக முறிந்தது. 67 பேர் மாண்டனர், 12 பேரே தப்பினர். மாண்டவருட் பார்சன்ஸின் தொழிற்சாலை முகாமையாளரும் தொழிலாளர் பலரும் இருந்தனர். சுழலியின்மேற் குற்றமில்லை என்பது உண்மையே. ஆயினும் வீடுவீடாகச் சாவுச் செய்தி சென்ற ஒரு தொழிற்சாலை மறுநாளும் கதவு திறப்பது எளிதோ? அவ்வாண்டிலேயே கிளைட் நதியில் ஓடத்தொடங்கிய கிங் எட்வேட் என்னும் பயணிகள் கப்பல் சுழலியின் மானத்தைக் காத்தது. 1906 இல் டிறெட்நோட் போர்க்கப்பலும், 1907 இல் லூசிற்றானியா, மௌறிற்றானியா என்னும் பெருங்கப்பல்களும் சுழலியாலேயே ஓடின.

விரைவாக ஓடும் கப்பல்களுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. மெதுவாகச் செல்லும் சரக்குக் கப்பலுக்கோ சுழலி நேரே பொருந்தாது; சுழலி வேகத்தை விரும்பும், பெரிய விசிறி நிதானத்தை விரும்பும். இங்கேதான் பார்சன்ஸ், தாம் முன்னர் கைவிட்ட முசலத்தோடு சமாதானம் செய்துகொண்டார். முசல இயந்திரம் உயரமுக்க நீராவியிலிருந்து நன்றாக வேலை வாங்கும். அமுக்கம் தாழத்தாழ நீராவி பெருகிப் பரவுவதால், அதனைக் கொள்ள உருளை மலைபோல் வளரவேண்டும். சுழலியோ அத்தளர்ந்த நீராவியையே இலகுவாக உண்டு, ஒடுக்கியின் வெற்றிடம் வரை அதன் ஆற்றலைப் பிழிந்தெடுக்கும். ஆகவே முசல இயந்திரம் கழித்துவிடும் நீராவியைச் சுழலிக்கு ஊட்டுக என்றார். 1908 இல் டம்பாட்டனில் டென்னி கம்பனியார் கட்டிய ஒற்றாக்கி என்னும் கப்பலில் இருபுற விசிறிகளை முசல இயந்திரங்களும் நடுவிசிறியைச் சுழலியும் ஓட்டின. முசலம் மாத்திரமே பூட்டிய உடன்பிறப்புக் கப்பலோடு ஒப்பிட நிலக்கரி மிச்சப்பட்டது. வைற் ஸ்ரார் கம்பனியாரும் லோறன்ரிக், மெகன்ரிக் என்னும் சோடிக் கப்பல்களில் அவ்வாறே ஒப்பிட்டுப் பார்த்து, ஒலிம்பிக், டைற்றானிக் இரண்டுக்கும் இக்கூட்டு முறையையே ஏற்றனர். டைற்றானிக்கின் நடுவிசிறியை ஓட்டியது 16,000 பரிவலுவுள்ள பார்சன்ஸ் சுழலி. அக்கப்பலின் முடிவை அறியாதார் இலர். அதன் வயிற்றினுள் பழையதும் புதியதுமான இரு நீராவி இயந்திரங்கள் ஒரே மூச்சைப் பகிர்ந்துகொண்டதை அறிவார் சிலரே.

இக்கூட்டையும் அவர் முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. வெஸ்பேசியன் என்னும் பழைய சரக்குக் கப்பலை வாங்கி, அதன் முசல இயந்திரத்தை ஓட்டிச் செலவைக் குறித்துவைத்து, பின் அதனை அகற்றிப் பற்சில்லுகளோடு கூடிய சுழலியைப் பூட்டி 1910 இல் ஓட்டினார். கடுவேகச் சுழலியும் நிதான விசிறியும் பற்சில்லால் இணங்கின. நிலக்கரியில் 10 வீதத்துக்கு மேல் மிச்சம். முசலத்துக்குக் கடலில் இனி நீண்ட நாளில்லை என்பதை அது காட்டிற்று.

கைகூடாத முயற்சிகளும் உண்டு. செயற்கை வைரம் செய்யப் பல்லாண்டு பெரும்பொருள் செலவிட்டு, ஈற்றில் அதுவரை எவரும் வைரம் செய்ததில்லை போலும் என்ற முடிவுக்கே வந்தார். ஒரே மகன் 1918 இல் போர்முனையில் மாண்டார். மகள் றேச்சல் கேம்பிறிஜில் இயந்திரவியல் பயின்று, 1919 இல் தோன்றிய பெண் பொறியியலாளர் சங்கத்தின் முதற் றலைவியானார். 1925 இல் தந்தையாரின் தொலைகாட்டிக் கலைக்கே திரும்பினாற்போல், கிறப் என்பாரின் நலிந்த தொலைகாட்டித் தொழிலை வாங்கி நியூகாசிலில் நிலைநிறுத்தினார். 1927 இல் ஓர்டர் ஒவ் மெரிற் என்னும் உயர் விருது, பொறியியலாளருள் முதன்முதல் அவருக்கே வழங்கப்பட்டது.

1931 பெப்ருவரி 11 ஆந் திகதி, மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிவந்த டச்சஸ் ஒவ் றிச்மண்ட் என்னும் சுழலிக் கப்பலில், ஜமைக்காவின் கிங்ஸ்ரன் துறைமுகத்தில் அவர் உயிர் நீத்தார். உடலை நோதம்பலந்துக்குக் கொண்டுவந்து, கேக்வெல்பிங்ரன் என்னும் சிற்றூர்த் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்தனர்.