விண்ணளந்த வைணு பாப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த நமக்கு வானம் என்பது இரு மலைத்தொடர்களுக்கு நடுவே விரிந்து கிடக்கும் ஒரு நீலப் பட்டை. மேற்கே போடி, குமுளி மலைகள். கிழக்கே மேகமலையும் வருசநாடும். அந்தப் பட்டைக்கு அப்பால் என்ன இருக்கிறது, அது எத்தனை பெரியது, அங்கும் நம்மைப் போல் உயிர்கள் உண்டா என்ற கேள்விகள் எல்லோருக்கும் சிறுவயதில் எழுகின்றன. பிறகு தேர்வு, வேலை, குடும்பம் என்று அவை எங்கோ ஒதுங்கிவிடுகின்றன. அவற்றை ஒதுக்காமல் வாழ்நாள் முழுதும் சுமந்த ஒருவர், தேனியிலிருந்து வடக்கே நோக்கினால் தெரியும் கொடைக்கானல் மலையின் மீதே பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார். இயற்பியல் மன்றக் கூட்டத்தில் பேசுவதற்காக நூலகத்தில் தேடியபோதுதான் அவர் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று. அவரே டாக்டர் வைணு பாப்பு.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அந்த மலையைப் பற்றி ஒரு சொல். தாது வருடப் பஞ்சத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்திற்குப் பின், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் ஆர்வம் அரசுக்கு எழுந்தது. அதன் விளைவாக 1899ஆம் ஆண்டில் அமைந்ததே கொடைக்கானல் வானாய்வகம். மோட்டார் சாலை வராத காலம் அது. பெரியகுளம் அருகே கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் மலைப்பாதைதான் அன்று மேலே போகும் முதன்மை வழி. விண்ணை ஆராயும் அறிவியல் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று கேட்போருக்கு, நம் பக்கத்து மலையில் அது சோற்றுக் கவலையிலிருந்தே தொடங்கியது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆகவே மற்றக் குழந்தைகள் பம்பரத்தோடு பழகிய வயதில் இவர் தொலைநோக்கியோடு பழகினார் எனலாம். ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே வானாய்வகத்தின் தலைவராக இருந்தவர் ஹார்லோ ஷேப்லி. நம் சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஒரு புறமாக ஒதுங்கியே இருக்கிறது என்று காட்டிய பேரறிஞர் அவர். அத்தகைய இடத்தில் மாணவராகச் சேர்ந்த பாப்பு, 1949 ஜூலையில், ஓர் இரவு எடுத்த ஒளிப்படத் தகட்டில் அதுவரை எவரும் அறியாத வால்மீன் ஒன்றைக் கண்டார். ஆசிரியர் பார்ட் போக், சக ஆய்வாளர் நியூகிர்க் ஆகியோர் பெயரும் சேர்ந்து அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீன் என்று வழங்கலாயிற்று. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. 1952இல் முனைவர் பட்டம் கிடைத்தது. பின்னர் கலிபோர்னியாவின் பலோமார் வானாய்வகத்தில் ஆய்வு நல்கை பெற்றார்.

அங்கே செய்த ஆய்வுதான் அவர் பெயரை உலகப் பாடநூல்களில் நிறுத்தியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மார்கழி இரவில் மாடியில் நின்று மேகமலைப் பக்கம் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளக்கு மினுக்குகிறது. அது அடிவாரத் தோட்டத்துக் காவல்காரர் கையிலுள்ள அரிக்கேன் விளக்கா, உச்சியிலுள்ள எஸ்டேட் பங்களாவின் பெரிய விளக்கா? வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்திலுள்ள சிறு விளக்கும் தொலைவிலுள்ள பெரு விளக்கும் ஒன்றுபோலவே தோன்றும். விண்மீன்களிலும் இதே சிக்கல்தான். அவற்றின் தூரம் தெரியாத வரையில் பேரண்டத்தின் அளவைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெறும் பேச்சே. ஆனால் பல்பின் மீது அறுபது வாட், நூறு வாட் என்று அச்சிட்டிருப்பதைப் படிக்க முடிந்தால்? உண்மையான ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் விண்மீன்களின் மேல் அந்த வாட் எண்ணைப் படித்தார்கள்! விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தெரியும். அவற்றுள் கால்சியம் உண்டாக்கும் கோடு ஒன்றுக்குக் 'கே' கோடு என்று பெயர். சூரியனைப் போன்றவையும் அதனினும் குளிர்ந்தவையுமான விண்மீன்களில், இக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தென்படும். அந்தக் கீற்று அகலமாக இருந்தால் விண்மீன் உண்மையில் பேரொளி உடையது. குறுகலாக இருந்தால் ஒளி குன்றியது. ஒன்றுக்கொன்று பத்து லட்சம் மடங்கு ஒளி வேறுபாடுள்ள விண்மீன்களிலும் இத்தொடர்பு பிசகாமல் நின்றது. 1957இல் வெளியான இக்கண்டுபிடிப்பு வில்சன்-பாப்பு விளைவு எனப்படுகிறது. நம் எலும்பில் இருக்கும் அதே கால்சியம்தான் விண்மீனின் தூரத்தையும் காட்டிக் கொடுக்கிறது என்பதை எண்ணுகையில் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த அளவுகோல் நமக்கு அண்மையிலுள்ள விண்மீன்களுக்கே பயன்படுவது. அதற்கப்பால் வேறு அளவுகோல்கள், அவற்றுக்கும் அப்பால் மற்றவை. ஏணியின் ஒரு படியில் நின்றுதான் அடுத்த படியில் கால் வைக்க முடிகிறது. இவ்வாறு ஏறிப் போய் இன்று நாம் அறிந்திருப்பது என்ன? ஒளி ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். சூரியனிலிருந்து நம்மிடம் வர அதற்கு எட்டு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகிறது. அடுத்த விண்மீனிலிருந்து வர நான்கு ஆண்டுக்கு மேல். பால்வீதியைக் கடக்க ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு. நாம் காணக்கூடிய பேரண்டத்தின் குறுக்களவோ ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டு. அதன் வடிவம் தட்டையானது என்கிறார்கள். அதாவது அண்டம் முழுதும் பரவிய ஒரு முக்கோணம் வரைந்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை, நம் வடிவியல் ஆசிரியர் சொன்ன 180 பாகையாகவே இருக்கும். அளவீட்டுப் பிழைக்குள் மாற்றம் காணவில்லை.

பாப்பு அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அன்று பலோமாரில்தான் இருந்தது. அதை விட்டு 1953இல் தாயகம் திரும்பினார். அவருடைய கண்டுபிடிப்பைவிட இந்த முடிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தை உருவாக்கினார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக வந்தார். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சூரியனை அதே கால்சியம் 'கே' கோட்டில் படம் எடுத்து வந்தார்கள். தொலைவிண்மீன்களில் தாம் அளந்த கோட்டை, அருகிலுள்ள விண்மீனாகிய சூரியனில் நுணுகி ஆராய அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

ஆனால் கொடைக்கானல் இரவுகளில் மேகமும் மூடுபனியும் மிகுதி. விண்மீன்களை நோக்க வேறு இடம் தேடித் தமிழகத்து மலைகளை ஆராய்ந்து, ஜவ்வாது மலையில் சந்தனக் காடு சூழ்ந்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். தென்கோளத்து வானமும் பெருமளவு அங்கிருந்து தெரியும். கொடைக்கானல் பட்டறையில் தாமே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை 1968இல் அங்கே நிறுவினார்கள். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அவ்வாண்டிலேயே வியாழனின் பெருந்துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது காவலூரில் நோக்கினர். அங்கே மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்ற குறிப்புக் கிடைத்தது. அது அன்று எண்ணியதைவிட மிக மிக மெல்லியது என்று பின்னாளில் விண்கலங்கள் காட்டின. ஆயினும் கனிமீட்டின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதற்கான சான்றுகள் வந்துள்ளன. நீர் உள்ள இடத்தில் உயிர் இருக்குமா என்பதே இன்றைய வினா. 2023 ஏப்ரலில் ஐரோப்பியர் ஏவிய ஜூஸ் விண்கலம் அத்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச் 10ஆம் நாள் தெரியவந்தபோதும் காவலூர் தன் பங்கைச் செய்தது.

இதற்கிடையே 1971இல் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக வளர்ந்தது. 1979இல் பன்னாட்டு வானவியல் ஒன்றியம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஒன்றியத்தின் பேரவை 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டுப் பட்ராஸ் நகரில் கூடியது. பிற உலகங்களில் உயிரைத் தேடுவதற்கென்றே தனி ஆணையம் ஒன்றை ஒன்றியம் ஏற்படுத்தியது அந்த ஆண்டில்தான். அதுவரை கற்பனைக் கதைக்காரர்களின் சொத்தாகக் கருதப்பட்ட கேள்வி, வானவியலாரின் அதிகாரபூர்வமான வேலைப் பட்டியலில் ஏறியது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் அயற்கோள் 1995இல் அறிவிக்கப்பட்டது. இன்று ஆறாயிரத்துக்கு மேல் உறுதியாகியுள்ளன. உயிர் எதிலும் இன்னும் காணப்படவில்லை.

தலைமை தாங்க வேண்டியவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஜெர்மனியின் மியூனிக் நகரில், பேரவை நடந்துகொண்டிருந்த ஆகஸ்டு 19ஆம் நாள் பாப்பு காலமானார். வயது ஐம்பத்தைந்து.

நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்ட வேண்டும் என்று அவர் தொடங்கி வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடியவில்லை. அவருடைய சகாக்களும் மாணவர்களும் அதை முடித்தனர். 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் சூட்டினார். காவலூரில் சனிக்கிழமைகளில் பார்வையாளரை அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, மேகமில்லாத மாதம் பார்த்து, நம் இயற்பியல் மன்றம் இவ்வாண்டுச் சுற்றுலாவை அங்கே அமைக்கப் பேராசிரியர்கள் இசைவு தர வேண்டுகிறேன். கொடைக்கானலுக்கோ தனிச் சுற்றுலாவே தேவையில்லை. பெரியகுளத்திலிருந்து காலைப் பேருந்தில் ஏறினால் போதும்.