மாடி ஹாலில் எந்த யோகா? கிருஷ்ணமாச்சாரியாரின் கதை



சென்ற பொதுக்குழுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மாடி ஹாலில் காலை யோகா வகுப்பு தொடங்குவது பற்றிய பேச்சுதான் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. ஐயங்கார் யோகாதான் வேண்டும் என்றார் ஒருவர். வியர்க்க விறுவிறுக்கச் செய்யும் அஷ்டாங்க வின்யாசாதான் உண்மையான யோகா என்றார்கள் ஏ பிளாக் இளைஞர்கள். மூட்டுவலிக்காரர்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுப் பயிற்சி போதும் என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி, தனக்குப் பஜனைதான் யோகம், அதற்கு ஹால் கிடைக்குமா என்று கேட்டார். முடிவு எதுவும் எடுக்காமல் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அன்று நடந்த சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் சொன்ன மூன்று முறைகளும் ஒரே மனிதரிடமிருந்து கிளம்பியவை. அவர் தம் கடைசி 37 ஆண்டுகளை நம் சென்னையில்தான் கழித்தார். பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவர் கதையைத் தெரிந்துகொண்டு அடுத்த கூட்டத்துக்கு வந்தால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1888 நவம்பர் 18 அன்று மைசூர் சமஸ்தானத்தில், சித்ரதுர்கா பக்கம் ஒரு சிற்றூரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதளவில் தந்தையை இழந்தார். மைசூருக்குக் குடிபெயர்ந்து, பரகால மடத்தின் சூழலில் வடமொழி படித்தார். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் வழிவந்த குடும்பம் என்பது அவர்கள் நம்பிக்கை. பதினாறு வயதில் ஆழ்வார் திருநகரிக்குத் தனியாக வந்தார். அங்கே நாதமுனிகளே கனவுபோன்ற ஒரு நிலையில் தோன்றி 'யோக ரகசியம்' என்ற மறைந்துபோன நூலை ஓதியதாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்த நூல் அவரே இயற்றியது என்று கருதுவோரும் உண்டு. நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, கன்னடம் பேசும் ஊரில் வளர்ந்த பையனுக்கு யோகத்தின் ஊற்று தாமிரபரணிக் கரையில் இருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பிறகு காசியில் நியாயம், மீமாம்சை, வேதாந்தம் என்று நீண்ட படிப்பு. அதன்பின் இமயத்துக்கு அப்பால் மானசரோவர் அருகே ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் இருந்ததாகச் சொல்வார். குருதட்சணையாக அந்த குரு கேட்டது இதுதான்: ஊருக்குத் திரும்பு, திருமணம் செய்துகொள், யோகத்தைச் சொல்லிக்கொடு. துறவியாக்கி அனுப்பாமல் குடும்பஸ்தனாக அனுப்பினார்.

இவ்வளவு படித்தவர் என்ன பாடுபட்டார் தெரியுமா? 1920களில் யோகா கற்றுக்கொள்ள ஆளே இல்லை. ஹாசன் பக்கம் காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். மனைவி நாமகிரியம்மாளின் பழம்புடவையைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்ட நாட்களும் இருந்தன என்பார்கள். கூட்டம் சேர்க்க ஊர் ஊராக வித்தை காட்டினார். ஓடும் காரை நிறுத்துவது, பல்லால் கனமான பொருள்களைத் தூக்குவது, கையில் நாடித்துடிப்பே தெரியாதபடி அடக்குவது என்று பலவும் செய்தார். 1927இல் ஹாசனில் அப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த பன்னிரண்டு வயதுப் பையன் அவரிடம் சீடனாகச் சேர்ந்தான். அவர்தான் பட்டாபி ஜோயிஸ்.

1933இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஜகன்மோகன் அரண்மனையில் அவருக்கு ஒரு யோகசாலை அமைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் துடிப்பான சிறுவர்கள். அவர்களுக்கு ஏற்றபடி மூச்சோடு இணைத்து, தாவித் தாவி, ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முறையைக் கற்பித்தார். அரண்மனையில் அப்போது இருந்த உடற்பயிற்சிக் கூடத்தின் சாயலும் அதில் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஜோயிஸ் அந்த முறையைப் பிடித்துக்கொண்டார். நம் ஏ பிளாக் இளைஞர்களின் வின்யாசா அங்கிருந்து வருவதுதான்.

1934இல் மைத்துனர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாமகிரியம்மாளின் தம்பி, மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடிபட்டு மெலிந்துபோன பையன். பெயர் பி.கே.எஸ். ஐயங்கார். இந்த இடத்தில் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியவில்லை. கடுமையான ஆசிரியர், அவரைக் கண்டால் மாணவர்கள் நடுங்குவார்களாம். ஒரு நிகழ்ச்சியில் முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் அனுமானாசனம் போடச் சொல்லி, ஐயங்காருக்குத் தொடைத் தசை கிழிந்தது. நடக்கவே வெகுநாள் சிரமப்பட்டார். (வீடியோவைப் பார்த்துத் தானாகவே சக்ராசனம் போட்டு, பத்து நாள் படுக்கையில் கிடந்தவன் நான். அந்த வலி எனக்குக் கொஞ்சம் புரியும்.) 1937இல் புனேவுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்ட ஐயங்கார், பெல்ட், கயிறு, மரக்கட்டை, நாற்காலி எல்லாம் வைத்து எந்த உடம்பையும் ஆசனத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவரும் முறையை வளர்த்தார். தன் உடம்பில் பட்டது அவருக்கு மறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதே 1937இல் ரிகா நகரில் பிறந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்து நின்றார். பெண், அதிலும் அந்நியர் என்று மறுத்துவிட்டார் கிருஷ்ணமாச்சாரியார். மகாராஜா சொன்னதால் சேர்த்துக்கொண்டார். சாப்பாடு, நேரம் என்று கெடுபிடிகள் வைத்துத் துரத்தப் பார்த்தார். அந்த அம்மாள் அசையவில்லை. ஓராண்டுக்குள் நீ போய்க் கற்றுக்கொடு என்று அவரே சொல்லும் நிலை வந்தது. இந்திரா தேவி என்ற பெயரில் ஷாங்காயிலும், 1947 முதல் ஹாலிவுட்டிலும் மென்மையான ஒரு யோகாவைப் பரப்பியவர் அவர்தான். 102 வயது வரை வாழ்ந்தார்.

1940இல் மகாராஜா காலமானார். சுதந்திரத்துக்குப் பின் 1950இல் யோகசாலையும் மூடப்பட்டது. 62 வயதில் மீண்டும் வேலையில்லாத நிலை. 1952இல் சென்னைக்கு வந்தார்.

மைசூரில் பார்த்தவரும் சென்னையில் பார்த்தவரும் ஒரே ஆளா என்று கேட்கத் தோன்றும். இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், தூக்கம் வராதவர்கள், சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள். கூட்டமாக வைத்து நடத்தும் வகுப்பை விட்டார். ஒவ்வொருவராக உட்காரவைத்து, நாடி பார்த்து, சாப்பாடு, வேலை, மனக்கவலை எல்லாம் விசாரித்து, அவருக்கு மட்டும் பொருந்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். கை தூக்க முடியாதவருக்கு மூச்சு மட்டும். மூச்சும் கடினம் என்றால் ஒலி. தியானத்தில் கடவுளை நினைக்கச் சொல்வார். கடவுள் நம்பிக்கை இல்லையென்றால் சூரியனை நினைக்கலாம், அதுவும் வேண்டாமென்றால் பெற்றோரை நினைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். ஒரு காலத்தில் பெண்ணைச் சேர்க்க மறுத்தவர், இப்போது பெண்களுக்கு வேதம் ஓதவே கற்றுக்கொடுத்தார்.

1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, குடுமியும் திருமண்ணுமாக நின்ற அந்த வைதிகரைத் தெருவிலேயே கட்டிக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு முந்தைய இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார், அதுதான் காரணம். வாசலில் இருந்து அதைப் பார்த்தவர் மகன் தேசிகாச்சார், புதிதாகப் பட்டம் பெற்ற சிவில் இன்ஜினியர். கிடைத்திருந்த வேலையை விட்டுவிட்டுத் தந்தையிடம் மாணவரானார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கியவரும் அவரே. நம் மூட்டுவலிக்காரர்கள் கேட்ட முறை இந்தக் கிளையைச் சேர்ந்தது.

பஜனை கேட்ட பாட்டியை மறக்கவில்லை. கிருஷ்ணமாச்சாரியாரிடம் கேட்டிருந்தால் முதல் இடத்தைப் பாட்டிக்குத்தான் கொடுத்திருப்பார். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்று மட்டுமே என்பது அவர் கட்சி. நாராயணனிடம் சரணடைவதே அவருக்கு யோகத்தின் முடிந்த முடிவு. ஆனால் தன் பக்தியை மாணவர் தலையில் ஏற்றியதில்லை.

96 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டாமென்று, படுத்தபடியே செய்யத் தனக்கென ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். நூறு வயது கண்டு, 1989 பிப்ரவரி 28 அன்று சென்னையில் மறைந்தார்.

சரி, நம் ஹாலுக்கு வருவோம். செயற்குழு ஒரு பதிவுத் தாள் தயாரித்திருக்கிறது. அதில் எந்த யோகா என்ற கேள்வி இல்லை. வயது, ரத்த அழுத்தம், பழைய அடி, அறுவைச் சிகிச்சை, இரவுத் தூக்கம், தரையில் உட்கார முடியுமா என்பவைதான் இருக்கின்றன. மாத இறுதிக்குள் நிரப்பி அலுவலக அறையில் கொடுத்துவிடுங்கள். பாட்டி, உங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஹாலை ஒதுக்கியிருக்கிறோம். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும்.