மார்கரெட் கசின்ஸ் அம்மையார் சரிதம்

டெல்லி மாநகரில் பகவான்தாஸ் சாலையில் சரோஜினி இல்லம் என்றொரு கட்டிடம் உண்டு. அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைமையகமாகிய அவ்வில்லத்து நூல்நிலையம் அயர்லாந்து நாட்டு மாதரசி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரே மார்கரெட் கசின்ஸ் அம்மையார். அவர் பெயரைக் கேட்டோர் பலர். அவர் பிறந்த நாடு பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. அதனை அறியாதார்க்கு அம்மையாரின் வாழ்க்கை பாதியே விளங்கும். ஆதலின் அந்நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

அயர்லாந்து, இங்கிலாந்துக்கு மேற்கே கடலால் சூழப்பட்ட சிறு தீவு. 1801-ஆம் ஆண்டில் அது பிரிட்டனோடு இணைக்கப்பட்டு, அதன் சட்டமன்றம் இல்லாதொழிந்தது. நிலங்களோ பெரும் நிலக்கிழார் கையில் இருந்தன. அவருள் பலர் அந்நாட்டில் வசித்தாரும் அல்லர். நிலத்தில் விளைந்த தானியம் குத்தகைக்குப் போக, உழுத குடியானவன் உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தான். 1845-இல் அக்கிழங்குச் செடியை ஒரு நோய் பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். அதே அளவினர் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகட்கு ஓடினர். அக்காலத்தும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதை வாசகர்கள் உன்னிப்பாக நோக்க வேண்டும். நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய 1876-78 ஆண்டுப் பஞ்சத்திலும் சென்னைத் துறைமுகத்தில் நடந்தது அதுவே. செடிக்கு நோய் வருவது இயற்கை. தானியம் கப்பலேறுவது மனிதர் செயல். பஞ்சத்தில் மிகுதியாக மடிந்தோரும் ஓடினோரும் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளே. ஆதலின் நாட்டின் சொந்த மொழியும் அவர்களோடு தேய்ந்தது.

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த அதே 1878-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், அயர்லாந்தின் ராஸ்காமன் கோட்டத்தைச் சேர்ந்த பாயில் என்னும் ஊரில் மார்கரெட் கில்லெஸ்பி பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தில் இவரே மூத்தவர். தந்தை நீதிமன்ற எழுத்தர். நாட்டு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருக்க, இக்குடும்பம் மெதடிஸ்ட் சபையைச் சார்ந்து, பிரிட்டிஷ் ஆட்சியின் பக்கம் சாய்ந்திருந்தது. மார்கரெட் டப்ளினில் இசை பயின்று 1902-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, பெல்பாஸ்ட் நகரத்துக் கவிஞராகிய ஜேம்ஸ் கசின்ஸ் என்பாரை மணந்தார்.

அக்காலத்து அயர்லாந்தில் ஓர் எழுச்சி தோன்றியிருந்தது. மறைந்துகொண்டிருந்த தம் மொழியையும், பண்டைக் கதைகளையும், கிராமத்துப் பாடல்களையும் அந்நாட்டுப் புலவர்கள் தேடித் தொகுக்கலாயினர். ஜேம்ஸ் அக்கூட்டத்தில் ஒருவர். அப்பணியில் இறங்கியோருள் ஆளும் வகுப்பின் சமயத்தில் பிறந்தோர் பலர் இருந்தனர் என்பதே வியப்பு. தாம் பிறந்த வீடு எப்பக்கம் சாய்ந்திருந்ததோ அதனைப் பாராது, நாட்டின் எளிய மக்கள் காத்து வைத்திருந்ததையே தம் முதுசொம் என்று அவர்கள் கொண்டனர். பௌத்தம் தழுவிய நம்மை நோக்கி, உங்கள் மூதாதையர் வழிபட்டதை விட்டீர்களே என்று குறை கூறுவோர் இன்றும் உளர். மூதாதையர் வழி எது என்பதைத் தேடித் தெளிந்தே கொள்ள வேண்டும் என்று பண்டித அயோத்திதாசர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்ததை அன்னார் அறியார் போலும். மார்கரெட் அம்மையாரும் மெதடிஸ்ட் சபையை விட்டு நீங்கினார், புலாலை நீக்கினார், பின்னர்ப் பிரம்ம ஞான சபையைச் சார்ந்தார்.

1908-இல் அயர்லாந்துப் பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டிக் கழகம் ஒன்றை ஹன்னா ஷீஹி ஸ்கெபிங்டன் என்பாருடன் கூடி நிறுவினார். விண்ணப்பங்கள் பயன் தரவில்லை. 1910-இல் லண்டனில் கிளர்ச்சியில் ஈடுபட்டு ஹாலோவே சிறையில் ஒரு திங்கள் இருந்தார். 1913-இல் டப்ளின் கோட்டையின் சாளரக் கண்ணாடிகளை உடைத்து மீண்டும் ஒரு திங்கள் தண்டனை பெற்று, டல்லமோர் சிறையில் அரசியல் கைதியாக நடத்தப்பட வேண்டுமென உண்ணாநோன்பு இருந்தார். கல்லெறிதலை நாம் புகழ்வதற்கில்லை. ஆயினும் கண்ணாடியைத் தவிர எவர் உடலுக்கும் அவர் ஊறு செய்ததில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும்.

1915-இல் கணவனும் மனைவியுமாக இந்தியா வந்தனர். கர்னல் ஆல்காட்டுக்குப் பின் பிரம்ம ஞான சபையின் தலைவராயிருந்த அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் ஜேம்ஸ் பணியேற்றார். அடுத்த ஆண்டே அப்பணி போயிற்று. 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளையொட்டி டப்ளினில் எழுந்த கிளர்ச்சியைப் புகழ்ந்து அவர் அப்பத்திரிகையில் எழுத, அரசாங்கம் சினங்கொண்டது. பெசன்ட் அம்மையார் அவரை விலக்க நேர்ந்தது. பெசன்ட் அம்மையாரும் ஐரிஷ் குருதியுடையவரே. அவர் அவ்வாண்டு தொடங்கிய இயக்கத்தின் ஹோம் ரூல் என்னும் பெயரும் அயர்லாந்திலிருந்து வந்ததே. மறு ஆண்டு அவரையும் அரசாங்கம் காவலில் வைத்தது.

தம்பதியர் இன்றைய ஆந்திரப் பிரதேசத்திலுள்ள மதனப்பள்ளிக் கல்லூரிக்குச் சென்றனர். 1919 பிப்ரவரியில் ரவீந்திரநாத் தாகூர் அங்கு வந்து தங்கி, ஜன கண மன என்னும் தம் பாடலைப் பாடிக் காட்டினார். மார்கரெட் அம்மையார் அதனைக் கேட்டு, மேனாட்டு இசைக்குறிகளில் எழுதி வைத்தார். மெட்டே அவர் இயற்றியது என்று சிலர் கூறுவர். மெட்டு தாகூருடையது, மாறாமல் நிற்குமாறு அதனைத் தாளில் பொறித்த பெருமை அம்மையாருடையது. அப்பாடலை 1950 ஜனவரி 24-ஆம் நாள் டெல்லியில் அரசியல் நிர்ணய சபை தேசிய கீதமாக ஏற்றது.

1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதன் பணியில் முன்னின்ற அம்மையார், அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் பெண்டிர் குழுவொன்று அவரைக் கண்டு வாக்குரிமை கேட்க ஏற்பாடு செய்தார். சென்னை மாகாணம் 1921-இல், பெண் என்னும் காரணத்தால் வாக்கு மறுக்கும் தடையை நீக்கியது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே நின்றது. வரி கட்டும் வீட்டுப் பெண்களுக்கன்றி, கூலிப் பெண்களுக்கு அவ்வுரிமை எட்டவில்லை. நாம் ஆலையில் வேலை செய்த நாளில், நூல் சுற்றும் பகுதியில் எம்முடன் நின்று உழைத்த சகோதரிகளின் பாட்டிமார் எவரும் அன்று வாக்களித்திருக்க முடியாது.

அம்மையாரின் பெருஞ்செயல் இனித்தான் வருகின்றது. பெண்கல்வி எவ்வாறு அமைய வேண்டுமெனப் பெண்களே கூடிச் சொல்ல வேண்டும் என்று 1926-இல் நாடெங்குமுள்ள மாதர் சங்கங்களுக்குக் கடிதம் விடுத்தார். அதன் பயனாக 1927 ஜனவரியில் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. இரண்டாம் மாநாடு 1928-இல் டெல்லியில் போபால் பேகம் தலைமையில் நடந்தது. கல்வியில் தொடங்கிய மாநாடு குழந்தை மணத்தை எதிர்த்தும் வலுவாகப் பேசிற்று. 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியது. மாநாட்டின் முயற்சியால் 1932-இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தோன்றிற்று. இடையே 1931-இல் லாகூரில் ஆசிய மாதர் மாநாடு ஒன்றையும் அம்மையார் கூட்டுவித்தார். இலங்கை, பர்மா, ஜப்பான் ஆகிய பௌத்த நாடுகளின் பெண்டிரும் அங்கு வந்திருந்தனர்.

ஒன்றில் மட்டும் நாம் அம்மாதர் இயக்கத்தோடு உடன்பட இயலாது. வயது வந்த அனைவர்க்கும் வாக்கு வேண்டுமென அது கேட்டது நன்று. அதே மூச்சில், பெண்களுக்கெனத் தனி ஒதுக்கிடங்கள் வேண்டா என்றும் கூறிற்று. கற்ற குடும்பத்துப் பெண்கள் போட்டியில் தாமே வெல்வர். ஒதுக்கீடின்றி எளியோர் எவ்வாறு சபையேறுவர் என்பதை, அண்ணல் அம்பேத்கரின் வழிநின்ற நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1932-இல் அரசாங்கம் அவசரச் சட்டங்களால் பேச்சுரிமையை ஒடுக்கியது. அம்மையார் சென்னையில் பொதுக்கூட்டத்தில் அவற்றைக் கண்டித்துப் பேசினார். முன்னர்ச் சென்னை அரசாங்கத்தாரே அவரைக் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமித்திருந்தனர். அத்தகையவருக்கு ஓராண்டுத் தண்டனை விதித்து வேலூர்ச் சிறைக்கு அனுப்பினர். லண்டன், டல்லமோர், வேலூர் என மூன்று நாட்டுச் சிறைகளைக் கண்ட பெண்மணி வேறெவர் உளர் என்று நாம் அறியோம். அப்போது அவருக்கு வயது 54. 1936-இல் மாதர் மாநாடு அவரைத் தலைவராகத் தேர்ந்தது.

1940-களில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அந்நிலையிலேயே இந்தியாவின் விடுதலையைக் கண்டார். டெல்லியில் அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள், அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து அமைந்தவை. அச்சட்டத்தின்படி 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில், சொத்தில்லாத பெண்ணும் கையில் மை வைத்துக்கொண்டு வாக்களித்தாள். சென்னை அரசாங்கமும் பிரதமர் நேருவும் அம்மையாரின் முதுமைக்குப் பொருளுதவி செய்தனர். 1954 மார்ச் 11-ஆம் நாள் அவர் அடையாற்றில் காலமானார். ஜேம்ஸ் கசின்ஸ் 1956-இல் மதனப்பள்ளியில் உயிர்நீத்தார். பிறந்த தீவில் குடியேற இருவரும் திரும்பவில்லை.