பிறருக்காக ஏந்திய கரம்

பசியைப் பொறுத்துக்கொள்ளும் மனிதனும் அதைப் பிறரிடம் சொல்லக் கூசுகிறான். அந்தக் கூச்சத்தில் தன்மானமும் உண்டு, அகங்காரமும் உண்டு. இந்து மரபு பிரம்மச்சாரியையும் துறவியையும் பிட்சைக்கு அனுப்பியது. அகங்காரம் கரைவதற்கான சாதனை அது. குரு நானக் தேவர் நேர்மையாக உழைப்பதையும் பகிர்ந்து உண்பதையும் வலியுறுத்தினார். உழைக்க இயன்றவன் இரந்து வாழ்வதைச் சீக்கிய நெறி ஏற்பதில்லை. இவ்விரு மரபுகளும் ஒரே வாழ்வில் சங்கமித்தன. அதுவே பகத் பூரண் சிங்கின் வாழ்வு.

பஞ்சாபின் லூதியானா மாவட்டத்திலுள்ள ராஜேவால் கிராமத்தில், 1904 ஜூன் 4 அன்று அவர் பிறந்தார். ராம்ஜி தாஸ் என்பது இயற்பெயர். தந்தை இந்து, அன்னை மேதாப் கௌர் சீக்கியர். குடும்பம் நொடித்தபோது அன்னை பிறர் வீடுகளில் வேலை செய்து மகனைப் படிக்க வைத்தார். வாயில்லா ஜீவன்களுக்குத் தண்ணீர் வைக்கவும், வழியில் கிடக்கும் கல்லை அகற்றவும் அவரே மகனுக்குக் கற்பித்தார். யாரும் கேட்காமலே செய்யும் தொண்டு அவ்வாறு இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஒருமுறை பயணத்தில் ஒரு கோயிலில் தங்கி, அதைத் துப்புரவு செய்தார். உணவு வேளையில் அவரை எவரும் அழைக்கவில்லை. பிறிதொரு நாள் ஒரு குருத்வாராவில் கேளாமலே அன்போடு உணவளித்தார்கள். அந்த அன்பு அவரைச் சீக்கிய நெறியில் சேர்த்தது. ராம்ஜி தாஸ் பூரண் சிங் ஆனார்.

லாகூரிலுள்ள தேரா சாகிப் குருத்வாராவில் அவர் தொண்டாற்றி வந்தார். 1934-இல் அதன் வாசலில் யாரோ ஒரு சிறுவனை விட்டுச் சென்றனர். நான்கு வயதிருக்கும்; கைகால்கள் முடங்கியவன்; பேச்சும் இல்லை. உதவி கேட்பதற்கும் இயலாத ஓர் உயிர்! பூரண் சிங் அவனுக்குப் பியாரா சிங் என்று பெயரிட்டு, 14 ஆண்டுகள் தம் முதுகில் சுமந்தார்.

1947-இல் தேசப் பிரிவினை. ஆகஸ்ட் மாதம் அச்சிறுவனைச் சுமந்தபடியே அவர் அமிர்தசரஸ் வந்து சேர்ந்தார். கால்சா கல்லூரியின் அகதி முகாமில் கைவிடப்பட்ட நோயாளிகளுக்காக வீடு வீடாகச் சென்று உணவு கேட்டார். தமக்கென்று எதையும் நாடாதவர், பிறருக்காகக் கேட்கத் தயங்கவே இல்லை. ஊனமுற்றோர் இல்லம் என்று பொருள்படும் பிங்கல்வாரா இவ்வாறே பிறந்தது. 1957-இல் முறையாகப் பதிவு செய்யப்பட்டது.

அவர் வெறுங்கையோடு இரக்கவில்லை என்பது கருதத்தக்கது. அச்சகம் ஒன்றை நிறுவி, ஒருபுறம் பயன்படுத்திய தாள்களின் மறுபுறத்தில் சுகாதாரம், மரம் வளர்த்தல், மண்வளம் பற்றிய துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, பொற்கோயிலின் அருகே வழங்கினார். பெறுவதற்கு முன் கொடுத்தார். உழைப்பும் பிட்சையும் அங்கே ஒன்றாயின.

1979-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது; 1984-இல் பொற்கோயிலில் நடந்த இராணுவ நடவடிக்கையால் மனம் வருந்தி அதைத் திருப்பியளித்தார். 1992 ஆகஸ்ட் 5 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். பிங்கல்வாராவின் தொண்டு இன்றும் தொடர்கிறது.

சீக்கியர்களின் அர்தாஸ் என்னும் வேண்டுதல் அனைவரின் நலனையும் வேண்டி நிறைவுறுகிறது. தனக்காக மட்டும் கேட்கும் மனம் சுருங்குகிறது. கேட்க இயலாதவருக்காகக் கேட்கும் மனம் விரிகிறது. நம் தேவையை மறைக்கும் கூச்சத்திற்கும் இதிலேயே மருந்து உண்டு. பிறருக்காகக் கையேந்தப் பழகியவருக்கு, தாம் தளரும் நாளில் பிறர் கரத்தைப் பற்றுவதும் இழிவாகத் தோன்றாது. கொடுப்பவனும் பெறுபவனும் இறைவனே என்று உணர்ந்தபின் நாணம் ஏது?